அன்டெனாவுக்கும் ஒரு வடிகட்டி வேண்டும்

ஹெந்தளையில் கூரைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இன்றும் அலுமினியக் குழாய் அன்டெனாக்களைக் காணலாம். செய்மதித் தொலைக்காட்சிக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் அவற்றையே நம்பியிருக்கின்றன. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அன்று முதல் வானலை வழியே வரும் தொலைக்காட்சிக்கு மாதக் கட்டணம் கிடையாது. அந்த வசதி சத்தமின்றிப் பறிபோகக்கூடிய ஒரு வழியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

470 முதல் 862 மெகாஹேர்ட்ஸ் வரையிலான யு.எச்.எஃப் பரப்பு ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்தது. பின்னர் பல நாடுகள் அதன் மேற்பகுதியை வெட்டியெடுத்துக் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்கு விற்றன. ஆனால் பழைய அன்டெனாவும் பூஸ்டரும் இந்த எல்லை மாற்றத்தை அறியமாட்டா. அவை முழுப் பரப்பையும் உள்வாங்குகின்றன. பக்கத்துக் கோபுரத்தின் வலிய அலை பூஸ்டரைத் திணறடிக்க, தொலைவிலிருந்து வரும் மெல்லிய தொலைக்காட்சி அலை அமுங்கிப்போகிறது. பழைய அனலொக் முறையில் என்றால் படத்தில் கோடுகள் விழும், குரலாவது கேட்கும். டிஜிட்டல் முறையிலோ படம் உறைந்து, திரை கறுத்துவிடும்.

படம் கெட்டதும் நம்மவர் இன்னும் வலிய பூஸ்டரை வாங்கிப் பூட்டுகிறார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கும் வேலை. உண்மையில் வேண்டியது விரல் நீளமுள்ள ஒரு வடிகட்டி. தொலைக்காட்சி அலையை விட்டு, அதற்கு மேலுள்ள கைத்தொலைபேசி அலையைத் தடுப்பது அதன் வேலை. அதனை அன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் இடையில் மாட்ட வேண்டும். பூஸ்டருக்குப் பின்னால் மாட்டினால் பயனில்லை. கேடு பூஸ்டருக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்திருக்கும்.

இதனைப் பிரித்தானியா முன்கூட்டியே உணர்ந்தது. அங்கே தொலைக்காட்சி அலைகள் 790இல் முடிய, 4ஜி கோபுரங்களின் அலைகள் 791இல் தொடங்கின. எனவே 2013இல் 800 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை வாங்கிய நிறுவனங்களே 18 கோடி பவுண் ஒதுக்கி, ‘அட்800’ என்ற அமைப்பின் வாயிலாக வீடுகளுக்கு வடிகட்டிகளை இலவசமாக வழங்க நேர்ந்தது. அஞ்சியதைவிட மிகக் குறைவான வீடுகளே பாதிக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் இலாபம் ஈட்டுபவரே இடையூறுக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்ற நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது.

இலங்கை 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி டிஜிட்டல் முறையைத் தெரிவுசெய்தது. 2019இல் தாமரைக் கோபுரமும் திறந்துவைக்கப்பட்டது. டிஜிட்டல் மாற்றமோ இழுபட்டது. அது நிறைவேறும்போது 700 மெகாஹேர்ட்ஸ் பரப்பு கைத்தொலைபேசிக்குப் போகும். ஆசிய பசுபிக் நாடுகளுக்கான திட்டத்தில் தொலைக்காட்சி 694இல் முடிகிறது. கைத்தொலைபேசிக் கருவி அலை அனுப்புவது 703இல் தொடங்குகிறது. தொலைக்காட்சி அலைக்கு மிக நெருங்கி நிற்பது, தெருமுனைக் கோபுரமன்று. வீட்டுக்குள் நம் கையிலிருக்கும் தொலைபேசியே.

‘எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே, இனி அன்டெனா எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுகள் வெடித்த பின்னர் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் ஹெந்தளைக்கு வெகு தூரமன்று. அத்தகைய நாள்களில் டேட்டாவுக்குப் பணமில்லாத வீட்டிற்கும் செய்தி எட்ட வேண்டுமானால் வானலை தெளிவாக இருக்க வேண்டும். களனி கங்கை பெருக்கெடுக்கும்போது தமிழில் வரும் வெள்ள எச்சரிக்கைக்கும் இது பொருந்தும்.

ஆகவே என் கோரிக்கை எளியது. 700 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை விற்கும்போது, பாதிக்கப்படும் வீடுகளுக்கு வடிகட்டியை இலவசமாக வழங்கும் கடமையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உரிமப்பத்திரத்திலேயே எழுத வேண்டும். முறையிடுவதற்கு மும்மொழியிலும் ஓர் இலக்கம் வேண்டும். விற்றுவிட்ட பின்னர் கேட்டால் எந்த நிறுவனமும் மனமுவந்து தராது. ஏலத்துக்கு முன்னர் எழுதப்படும் ஒரு நிபந்தனை, ஏழை வீட்டின் திரையை அணையாமல் காக்கும்.