"ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்கிறவர்களுக்கு

நீளமான பதிவுதான். டீ குடித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டு கமெண்ட் போடுங்கள்.

எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தின் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் அடித்த காற்றில் பெரிய கிளை ஒன்று ஒடிந்து, கீழே விழாமல், நாற்பது அடி உயரத்தில் இன்னொரு கிளையின் கவட்டையில் சிக்கித் தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் காலையில் ஸ்கூல் வேன் நிற்கும். படத்துக்கு அறுபதுக்கு மேல் கமெண்ட். பாதிக்கு மேல் ஒரே பாட்டு: "சார், ஒரு ஆளைப் புடிச்சு ஏத்தி விடுங்க, ரெண்டு நிமிஷ வேலை." என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான்: "மாமா, ஐநூறு ரூபா குடுத்தா எவனாவது ஏறிடுவான்."

எனக்குக் கோபம் வந்தது அந்த "எவனாவது" என்ற சொல்லில்தான். யார் அந்த எவன்? உன் அண்ணனா, உன் மச்சானா? இல்லை. வேலை கிடைக்காத ஒரு நாளில் ஐநூறு ரூபாய்க்கு வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவர். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான்.

உங்களில் பலர் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறீர்கள். ஷெட் கூரையில் ஒரு விளக்கு மாற்ற வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? உயரத்தில் ஏற பர்மிட், உடம்பு முழுக்கக் கட்டும் பெல்ட், ஹெல்மெட், கீழே டேப் கட்டி ஒரு ஆள் காவல். பர்மிட்டில் கையெழுத்து இல்லாமல் ஏணியில் கால் வைக்க மாட்டீர்கள். சூப்பர்வைசராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதைப் பெருமையாக என்னிடம் சொன்னவர். அவரேதான் இப்போது "ஏணி போட்டு வெட்டிடலாம் சார்" என்று எழுதுகிறார். பஸ் ஏறி ஊத்தங்கரை வந்து இறங்கியதும் புவியீர்ப்பு விசை குறைந்துவிடுமா தம்பி?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான் அறிவியல் வாத்தியார், விட மாட்டேன். நாற்பது அடி என்றால் ஏறத்தாழ 12 மீட்டர். அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒன்றரை வினாடிதான் ஆகும். "டேய், தள்ளு" என்று கத்தி முடிப்பதற்குள் வந்துவிடும். வரும் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். பத்தடி நீளம், அரையடி கனம் உள்ள பச்சைக் கிளை 50 கிலோவாவது இருக்கும். ஒரு சிமெண்ட் மூட்டை. அமெரிக்காவில் காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் இப்படித் தொங்கும் கிளைக்கு 'விடோ மேக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டியை விதவையாக்குவது என்று அர்த்தம். அனுபவித்தவர்கள் வைத்த பெயர்.

2025 ஜூனில் பெங்களூரில் பைக்கில் போன ஓர் இளைஞர் மேல் கிளை விழுந்து, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் கார் மேல் மரம் சாய்ந்து ஒரு வங்கி மேலாளர் இறந்தார். நம் ஊருக்கும் மழை, காற்று புதிதில்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டுபோன வீடியோவை உலகமே பார்த்தது. எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தோம். மேலே ஒடிந்து சிக்கியதை அண்ணாந்து பார்த்தவர் குறைவு. அது அடுத்த காற்றுக்காகக் காத்திருக்கும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1994-ல் என் வீட்டு வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்து ஓட்டின் மேல் சாய்ந்து நின்றது. நானும் "ரெண்டு நிமிஷ வேலை" என்றுதான் சொன்னேன். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் அந்தக் கிளையின் அடிப்பக்கத்திலேயே ஏணியைச் சாத்தி, ஏறி, நுனிப் பக்கம் அறுத்தார். ஏணியைப் பிடித்தவன் நான். பாரம் அறுந்து விழுந்ததும், அதுவரை அழுந்தியிருந்த அடிக்கிளை விருட்டென்று மேலே எழும்பியது. ஏணியின் தலைக்குப் பிடிமானம் போனது. ஆள் கீழே. இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் அந்த வருடமே நின்றுவிட்டாள். அந்த வகுப்பில்தான் நெம்புகோல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தேன். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

"எங்க தாத்தா புளிய மரத்துல தொரட்டியோட ஏறுவாரு" என்கிறீர்கள். சரிதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் உறுதியான கிளையில் நின்று புளி உலுக்கினார். காய்ந்த கிளையில் கால் வைக்க மாட்டார். புளிய மரம் வைரம் பாய்ந்தது. தூங்குமூஞ்சியும் முருங்கையும் அப்படியில்லை, சொல்லாமல் முறியும். ஒடிந்து தொங்கும் கிளை எதில் பிடித்து நிற்கிறது என்று ஏறுகிறவருக்கே தெரியாது. அவர் உடம்பு அசைவே அதை விடுவித்துவிடும். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தில் கேர சுரக்ஷா என்ற காப்பீடாவது இருக்கிறது. நீங்கள் ஏற்றச் சொல்லும் "எவனாவது"க்கு என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

அப்படியானால் எப்படித்தான் இறக்குவது? முதல் வேலை மரத்தில் இல்லை, தரையில். கீழே யாரும் நடக்காமல், வண்டி நிற்காமல் கயிறு கட்டித் தடுக்க வேண்டும். நேர் கீழே மட்டும் தடுத்தால் போதாது. விழும் கிளை வேறு கிளையில் பட்டு எகிறிப் பக்கவாட்டில் போகும். அதனால் மரத்தின் உயரத்துக்குக் குறையாத தூரம் சுற்றிலும் காலியாக வேண்டும். வேனை ஏற்கெனவே கோயில் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அடுத்து கரண்ட் கம்பி. கம்பி மேல் கிளை பட்டிருந்தாலும், விழுந்தால் படும் என்றாலும், கழி, தொரட்டி, கயிறு எதுவும் வேண்டாம். ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். மின்னகம் 94987 94987-க்குச் சொல்லி, லைன்மேன் வந்து எல்.சி. எடுத்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. "கரண்ட் போயிடுச்சு, இப்பவே இழுத்துடலாம்" என்று கிளம்பாதீர்கள். போன கரண்ட் எப்போது வரும் என்று உங்களுக்கா தெரியும்?

கம்பி பக்கத்தில் இல்லை, கிளை சின்னது, முழுசாக முறிந்து சும்மா மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் தரையிலிருந்தே இழுக்கலாம். ஒரு சின்னத் துணிப்பையில் மணல் கட்டி, மெல்லிய நைலான் கயிற்றோடு எறிந்து கிளையைத் தாண்டிப் போட வேண்டும். அந்தக் கயிற்றில் தடித்த கயிற்றைக் கோர்த்து மேலே ஏற்ற வேண்டும். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து அறுபது அடி தள்ளி நின்று இழுக்க இருநூறு அடிக் கயிறாவது வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய தேங்காய்நார்க் கயிறு நடுவில் அறுந்துவிடும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள், கிளை விழும்போது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். டிராக்டரில் கட்டி இழுக்கும் வீரமும் வேண்டாம். கிளை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இழுபட்ட கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும்.

எங்கள் தெருக் கிளை இந்த வகையில் சேராது. ஒரு பக்கம் இன்னும் நாரும் பட்டையும் பிடித்திருக்கிறது. கனமும் அதிகம். இதற்குத் தொட்டி வைத்த ஏணி வண்டிதான் சரி. தொட்டியில் நிற்கும் ஆள் பெல்ட் போட்டு, கிளையை முதலில் நல்ல கவட்டையில் கயிறு போட்டுக் கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும். மிச்சமிருக்கும் முறிந்த அடியையும் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. முதலில் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு, பிறகு அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து கீழ்நோக்கி, கடைசியாகத் தண்டோடு ஒட்டிய தடித்த வளையத்துக்கு வெளியே. அப்போதுதான் பட்டை உரியாது, காயமும் மூடும்.

இன்னொரு கூட்டம் "மரத்தையே வெட்டிடுங்க, தொல்லை விட்டது" என்கிறது. வேருக்கு மேல் சிமெண்ட் போட்டது யார், விளம்பரத் தட்டிக்கு ஆணி அடித்தது யார், கம்பிக்காக ஒரு பக்கமே மொட்டையடித்துப் பாரத்தை மறுபக்கம் தள்ளியது யார்? மரமா?

அலுவலகக் கதையும் உண்டு. ஓர் இடத்தில் "இது எங்க மரம் இல்ல" என்றார்கள். இன்னோர் இடத்தில் "பார்க்கலாம் சார்" என்றார்கள். வாயால் சொன்னதுவரை ஒன்றும் நடக்கவில்லை. படத்தோடு, "கீழே பள்ளி வேன் நிற்குமிடம்" என்று எழுதி, திங்கட்கிழமை கிருஷ்ணகிரி போய்க் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. கமெண்ட் போட்ட அறுபது பேரில் ஆறு பேர் மனு கொடுத்திருந்தால் முன்னாடியே வந்திருக்கும்.

நாளை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வருகிறது. எட்டு மணிவரை அந்தப் பக்கம் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை அணைத்து வையுங்கள், லைனில் திரும்ப ஏறக் கூடாது. இரவே வண்டிகளை எடுத்துவிடுங்கள். வீடியோ எடுக்க வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்கலாம், காவலுக்கு நிற்பது நான்தான். தங்கை மகனுக்குத் தனியாகச் சொல்கிறேன்: அந்த ஐநூறு ரூபாயை அனுப்பு, வேலை செய்கிறவர்களுக்கு டிபன் வாங்க வேண்டும்.