காய்ச்சல் விட்டா போதுமா? காவடி எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை



தைப்பூசம் நெருங்கிடுச்சு. காவடிக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம் தொண்டூழியர்கள் நாங்கள் ஒன்று கேட்கிறோம்: "கடைசி ரெண்டு மூனு வாரத்துல காய்ச்சல், இருமல் இருந்துச்சா?" சிலருக்குக் கோபம் வருகிறது. "அதான் காய்ச்சல் விட்டுடுச்சே!" என்கிறார்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, நாங்கள் கேட்கத்தான் செய்வோம். காரணம் இருக்கு.

கோவிட், இன்ஃபுளுவன்சா கிருமிகள் பெரும்பாலோருக்கு மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும் நுரையீரலில் இறங்கும். அதை எதிர்க்க நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே திரளும்போது, காற்று இருக்க வேண்டிய சின்னச் சின்னப் பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். சிடி ஸ்கேனில் அந்த இடம் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும். பொம்பா வந்து தீயை அணைச்ச பிறகும் வீட்டுக்குள்ள தண்ணி நிக்குமே, அந்த மாதிரிதான்.

நாள் கணக்கையும் பாருங்கள். 2020-இல் வூஹானில், குணமாகி வந்த கோவிட் நோயாளிகளுக்கு அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் பாதிப்பு உச்சத்துக்குப் போனது நோய் தொடங்கி சுமார் 10-ஆம் நாளில். அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து, சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. கிருமி மட்டுமில்லை, அதை எதிர்க்கும் சக்தி அளவு மீறினாலும் ஆபத்து என்று அது காட்டியது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை. அதனால் வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சொந்தமாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நுரையீரல் இன்னும் ஆறாதவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நல்லாத்தான் இருப்பார். விரலில் மாட்டும் கருவியும் சரியான அளவைக் காட்டும். நடந்தால்தான் ஆக்சிஜன் இறங்கும். விரதம், தூக்கமில்லாத இரவு, தோளில் காவடி, அதற்கு மேல் பத்துமலையின் 272 படி. யோசித்துப் பாருங்கள்.

எல்லாரும் போய் ஸ்கேன் எடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது தேவையா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் படியேறினால் மூச்சு வாங்குதா, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா, இருமல் விடவே இல்லையா? அப்படியென்றால் முதலில் கிளினிக், அப்புறம் காவடி.

நேர்த்திக்கடனைத் தள்ளி வைப்பது பக்திக் குறைவு இல்லை. 2021-இல் பத்துமலையில் காவடிக்கே அனுமதி இல்லை. முருகன் யாரையும் கோபித்துக்கொண்டாரா? இந்தத் தைப்பூசம் முடியலைன்னா பங்குனி உத்திரம் இருக்கு. அதுவும் முடியலைன்னா அடுத்த வருஷம் இருக்கு.

வீட்டில் யாராவது காய்ச்சலில் இருந்து எழுந்து காவடிக்குத் தயாராகிக்கொண்டு இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேலுண்டு வினையில்லை!