யாருக்கு, எப்போது, என்ன தெரியும்?



எங்கள் இதழுக்கு வரும் சிறுகதைகளில் மர்மக் கதைகள் கூடிக்கொண்டே போகின்றன. எழுதுபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வயதுப் பிள்ளைகள். ‘சுழல்’ பார்த்தேன், ‘வதந்தி’ பார்த்தேன், ‘விலங்கு’ பார்த்தேன், எனக்கும் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது என்று கதையோடு வரும் கடிதத்தில் சொல்கிறார்கள். தொடர் பார்த்துக் கதை எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ என்ற சொல்லோடு அத்தியாயம் நின்றுபோனதைப் படித்து ஒரு தலைமுறை எழுதக் கற்றது. திரையில் பார்த்துக் கற்பது அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பார்க்கும் விதத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

வரும் கதைகளில் ஒரே வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பத்தியில் கொலை. கடைசி வரியில் கொலையாளியின் பெயர். நடுவிலுள்ள பக்கங்களெல்லாம் அந்தப் பெயரை ஒளித்துவைப்பதிலேயே செலவாகின்றன. கடைசியில் வெளியே வருபவர், அதுவரை கதைக்குள் தலைகாட்டாத ஒரு மாமா. வாசகருக்கு அங்கே வியப்பு வருவதில்லை, ஏமாற்றம்தான் வருகிறது. யோசித்துப் பார்க்கத் தனக்கு எதுவுமே கொடுக்கவில்லையே என்ற மனத்தாங்கல் அது.

பெயரைச் சொல்லிவிட்டால் மர்மம் செத்துவிடும் என்ற பயம்தான் இதற்குக் காரணம். அந்தப் பயம் தேவையில்லை என்பதற்குச் சான்று நாம் இருக்கும் திருவனந்தபுரம் வலியசாலையிலேயே இருக்கிறது. இங்குள்ள மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி முதலில் பெருமைப்படும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று கருதுவோர் பலர். செய்தவன் யார் என்பது தெரியும்; ஆனால் அவன் இங்கே என்னதான் செய்தான்? நங்கூரமிட்டிருந்த கப்பல்களை அழித்தான் என்கிறார்கள் சிலர். சாலை என்ற கல்விக்கூடத்தில் தங்கிப் படித்தவர்களுக்கு நடந்த இலவசச் சாப்பாட்டை நிறுத்தினான் என்கிறார்கள் வேறு சிலர். ஆயிரம் ஆண்டாகியும் வழக்கு முடியவில்லை.

இதையும் விடச் சுவையானது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. கொன்றவர்கள் யார் என்பதைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற உடன்பிறந்தவர்கள். அவர்களைச் சேர்ந்தோரின் நிலத்தை என்ன செய்தார்கள் என்பதும் அதில் உண்டு. ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. அந்தச் சகோதரர்களுக்கும் காந்தளூர்ச்சாலைக்கும் தொடர்பு இருந்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். குற்றவாளிகளின் பெயர் கல்லில் வெட்டப்பட்ட பிறகும் தமிழர்கள் இந்தக் கதையை விடவில்லை. 1950ல் கல்கி தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ இந்தக் கொலையை நோக்கித்தான் ஐந்து பாகமும் நகர்கிறது. யார் என்பது தெரிந்த பிறகும் ஏன் என்பது நம்மை உட்காரவைத்திருக்கிறது.

எனக்கோ இன்னொரு கேள்விதான் எல்லாவற்றையும் விடப் பெரியதாகப் படுகிறது. ஒரு விஷயம் எவருக்கு முதலில் தெரியவருகிறது, எவருக்குக் கடைசிவரை தெரியாமலே இருக்கிறது என்பது. ‘பாபநாசம்’ படத்தில் கேபிள் டி.வி. நடத்தும் சுயம்புலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் கையால் ஓர் உயிர் போனது நம் கண்ணெதிரே நடக்கிறது. போலீசுக்கு அது தெரியாது. நமக்கும் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரியாது. படத்தின் பதற்றம் முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கிறது. அந்த ஒரு விஷயமும் தெரிந்த பிறகு, தொலைக்காட்சியில் மறுபடி போடும்போதும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோமே!

தொலைக்காட்சியில் இந்த வித்தையைத் தமிழர்களுக்கு முதலில் ஆழமாகக் காட்டியது ‘மர்ம தேசம்’ என்பேன். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். தொண்ணூறுகளில் வாரத்துக்கு ஒரு நாள் வந்தது. அதிலும் ‘விடாது கருப்பு’ பகுதியை இன்று எழுத வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊரில் தப்பு செய்தவனைக் கருப்பசாமி தண்டிக்கிறாரா, சாமியின் பேரில் மனிதன் எவனாவது தண்டிக்கிறானா? ஒவ்வொரு காட்சியும் இரண்டு பதிலுக்கும் இடம் கொடுத்தபடியே நகரும். பக்தியுள்ளவர் தம் கட்சிக்குச் சான்று சேர்த்துக்கொண்டே போகலாம், படித்த டாக்டரும் தம் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு சிறுவனின் கதையும் இன்றைய கதையும் ஊடும் பாவுமாக ஓடும். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் முடிவு தெரிந்தபின் முதல் வாரங்களுக்குத் திரும்பிப் போனால், சான்றுகள் நம் முன்னால் வெளிச்சத்திலேயே கிடந்திருப்பது தெரியும். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. நம் கவனத்தை வேறு பக்கம் நிறுத்திவைத்தார், அவ்வளவுதான். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானபோது, அவருடைய நூல்களைப் படிக்காதவர்கள்கூட அந்தத் தொடரில் கேட்கும் குதிரைச் சத்தத்தை நினைவுகூர்ந்தார்கள்.

ஒரு வார இடைவெளியும் அந்தத் தொடருக்குப் பெரிய துணை. அடுத்த பகுதி வரும்வரை வீட்டுத் திண்ணைகளிலும் அலுவலகத்திலும் ஆளுக்கொரு முடிவை ஊகித்துப் பேசினார்கள். எழுத்தாளர் அந்த ஊகங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. இன்று எட்டுப் பகுதியும் ஒரே ராத்திரியில் ஓடிவிடுகிறது. கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் பார்க்காதீர்கள். பகுதி முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும், ஏன் அப்படி நடக்கும் என்று நாலு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

2022ல் வந்த ‘சுழல்’, மயானக் கொள்ளைத் திருவிழாவை வெறும் அலங்காரமாக வைக்கவில்லை. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் கதையின் கடிகாரமாகிறது. சிமெண்ட் ஆலை எரிகிறது, ஒரு பெண்ணைக் காணவில்லை, தெருவில் அங்காளம்மன் சடங்குகள் நாளுக்கு நாள் உக்கிரமாகின்றன. எப்போது முடியும் என்று ஊருக்கே தெரிந்த ஒரு நிகழ்வுக்குள் எவருக்கும் தெரியாத ஒன்றை வைத்தால், நேரமே பாதி வேலையைச் செய்துவிடும். நவராத்திரியும் ஆராட்டும் பொங்காலையும் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகள் ஏன் பெயரில்லாத நகரத்துப் பங்களாவில் கதை வைக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘வதந்தி’ நமக்கு இன்னும் நெருக்கம். கதை நடப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலமாக இருந்த மண். ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது. சினிமா நடிகை என்று உலகமே நம்பி அழுது முடித்த பிறகு, இறந்தவள் வெலோனி என்ற இளம்பெண் என்று தெரிகிறது. அங்கிருந்து இயக்குநர் ஆண்ட்ரூ லூயிஸ் செய்வதைக் கவனியுங்கள். தாய் ஒரு வெலோனியைச் சொல்கிறாள், ஊர் ஒரு வெலோனியைச் சொல்கிறது, எழுத்தாளர் ஒருவர் இன்னொரு வெலோனியை எழுதுகிறார். சொல்லும் ஒவ்வொருவரும் தன்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். நடுப் பகுதிகளில் சில சந்தேக மனிதர்கள் வந்த சுவடில்லாமல் போவது எனக்குக் குறையாகவே பட்டது. சந்தேகம் தவறென்று ஆனாலும், சந்தேகிக்கப்பட்டவர் வாழ்க்கையில் அது ஒரு வடுவை விட்டிருக்க வேண்டுமல்லவா? என்றாலும், இல்லாத ஒரு பெண்ணை மற்றவர் வாயால் மட்டுமே எழுப்பி நிறுத்த முடியும் என்பதை இதை விடத் தெளிவாகக் கற்றுத்தரும் தமிழ்த் தொடர் எனக்குத் தெரியவில்லை.

மலையாளம் நமக்கு அண்டை வீடு. 2023ல் வந்த ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ தொடரைச் சின்னத் துப்பின் பலத்துக்காகப் பாருங்கள். லாட்ஜ் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு பெயர், ஒரு பொய் முகவரி. ஆறு பகுதிக்கும் அது போதுமானதாக இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பிடித்த தொடரை இரண்டாம் முறை நோட்டுப்புத்தகத்தோடு பாருங்கள். காட்சிக்குக் காட்சி நிறுத்தி, இந்த இடத்தில் போலீசுக்கு என்ன தெரியும், குற்றவாளிக்கு என்ன தெரியும், பார்க்கும் எனக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். மூன்றும் மாறாத காட்சி ஏதாவது வந்தால் அதைச் சுழித்து வையுங்கள். அதை வெட்டினால் கதைக்கு நஷ்டமில்லை. நாங்கள் நண்பர்கள் சிலர் வலியசாலையில் ஒரு வீட்டு முன்னறையில் கூடி இப்படிப் பார்த்தபோது, வேகமான தொடர் என்று பெயர் வாங்கிய ஒன்றில்கூட இப்படிச் சுழித்த காட்சிகள் நிறைய இருந்தன. மெதுவாக ஓடுவதாக நாங்கள் நினைத்த ஒரு தொடரில் அப்படி எதுவும் அகப்படவில்லை.

அடுத்த இதழுக்கு மர்மக் கதை அனுப்புகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. கதை நீங்கள் வாழும் தெருவிலேயே நடக்கட்டும். பொதுச்சுவர் வீடுகளில் ஒரு வீட்டுத் தாளிப்பு பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தெருவில் எவருக்கு எது தெரியாமல் இருக்க முடியும் என்று யோசியுங்கள். கொலை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காணாமல் போன ஒரு வளையலும் போதும். கதையோடு அந்த நோட்டுப்புத்தகப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் படித்துப் பார்த்து, திருத்தங்களை உங்கள் கைப்பிரதியிலேயே குறித்துத் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்