ராபின் கோட்டை விட்டாரா?

ஸ்வீடன் பாடகி ராபின் பற்றிப் பேச்செடுத்தாலே சிலர் உச்சுக்கொட்டுவார்கள். "பிரிட்னி ஸ்பியர்ஸ் இடத்துக்கு வந்திருக்க வேண்டியவர், பாவம், பிடிவாதத்தால் கோட்டை விட்டுவிட்டார்" என்று. இந்த அனுதாபம் சுத்த அபத்தம். ஏன்?

1979-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்த ராபினின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 16. மேக்ஸ் மார்ட்டின், டெனிஸ் பாப் தயாரித்த அவருடைய இரண்டு பாடல்கள் 1997-ல் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தன. அடுத்த வருடமே அதே மேக்ஸ் மார்ட்டின் எழுதிய பாட்டில்தான் பிரிட்னி உலகப் புகழ் பெற்றார். ஒப்பீடு தொடங்குவது இங்கேதான்.

1999-ல் ராபினின் இரண்டாவது ஆல்பம் வந்தது. தான் செய்துகொண்ட கருக்கலைப்பைப் பற்றி அதில் பாடியிருந்தார். அமெரிக்காவுக்காக மாற்றித் தரச் சொன்னது கம்பெனி. முடியாது என்றார். ஆல்பம் அங்கே வெளிவரவே இல்லை. சொந்த வலியைத் திருத்தி விற்க மறுப்பதற்குப் பெயர் பிடிவாதமா?

பி.எம்.ஜி.யை விட்டு ஜைவ் கம்பெனிக்குப் போனார். 2002-ல் அந்த ஜைவையே பி.எம்.ஜி. வாங்கிவிட்டது! பேய்க்குப் பயந்து ஓடினால் அது எதிரே வந்து நிற்கிற கதை. கடைசியில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு 'கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். அதில் 2005-ல் வந்த ஆல்பம் ஸ்வீடனில் முதலிடம். க்ளீரப்புடன் சேர்ந்து பாடிய பாட்டு 2007-ல் பிரிட்டனில் முதலிடம்.

"வெளிநாட்டில் விற்க மறுபடி பெரிய கம்பெனிகளிடம்தானே போனார்?" என்று கேட்கலாம். போனார்தான். ஆனால் கடைக்காரனிடம் சரக்கை விற்கக் கொடுப்பது வேறு, பட்டறையையே எழுதிக்கொடுப்பது வேறு. எதைப் பாடுவது, எப்போது வெளியிடுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. 2010-ல் ஒரே வருடத்தில் மூன்று வெளியீடுகள் தந்தார். அடுத்த தனி ஆல்பத்துக்கு 2018 வரை எடுத்துக்கொண்டார். எந்த மேலாளர் இதற்குச் சம்மதிப்பார்?

விற்பனையில் பிரிட்னி பல மடங்கு மேல், மறுக்கவில்லை. ஆனால் அதே பிரிட்னி 2008 முதல் 2021 வரை நீதிமன்றம் நியமித்தவர்களின் பொறுப்பில் வாழ்ந்தார். சம்பாதித்த பணத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்கக்கூட உரிமை இல்லை. அதைச் செய்தது பாட்டுக் கம்பெனி அல்ல, உண்மை. ஆனாலும், விற்ற தட்டுகளை எண்ணி மட்டுமே ஒருவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஐந்தொகையில் வரவை மட்டும் பார்த்தால் போதாது. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ராபின் எதையும் கோட்டை விடவில்லை.