உளி தீட்ட எத்தனை கல் வேணும்?

டாக்ஸ், எஸ்ஐபி பத்தியே பேசுற நான் இன்னைக்கு கல்லு பத்திப் பேசப் போறேன். உளி தீட்டுற கல்லு. காரணம், என் இடது கட்டைவிரல்ல இருக்கிற மூணு தையல்.

ரெண்டு வருஷம் முன்னாடி வீக்எண்டுல மரவேலை பழக ஆரம்பிச்சேன். நாலு உளி வாங்கினேன். அதைத் தீட்ட 400, 1000, 3000, 8000னு நாலு வாட்டர் ஸ்டோன், ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐல. உளியை விடக் கல்லுக்குத்தான் செலவு ஜாஸ்தி. (நோ காஸ்ட்னு நம்பாதீங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல வரும். பல இடத்துல புராசஸிங் ஃபீயும் உண்டு.)

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம்: வாட்டர் ஸ்டோன் சீக்கிரம் தேயும். நடுவுல பள்ளம் விழும். பள்ளமான கல்லுல தீட்டினா உளியோட முனை நேரா வராது. அதனால கல்லு மேல பென்சில்ல கட்டம் போட்டு, கண்ணாடி மேல ஒட்டின உப்புத்தாள்ல கோடு எல்லாம் மறையற வரைக்கும் தேய்க்கணும். நான் சோம்பேறி, செய்யல. விலை அதிகமான கல்லாச்சே, தேஞ்சிடுமேன்னு தீட்டறதையே தள்ளிப் போட்டேன். மழுங்கின உளிக்கு அழுத்தம் ஜாஸ்தி கொடுக்கணும். அழுத்தினேன், வழுக்கிச்சு. மூணு தையல்.

எங்க வீட்டுக்குக் கதவு போட்ட ஆசாரிகிட்ட ஒரே ஒரு ஆயில் ஸ்டோன்தான். கார்போரண்டம், ஒரு பக்கம் கொரகொரப்பு, மறுபக்கம் நைஸ். "தம்பி, கல்லு ஒண்ணு போதும், தினம் தீட்டணும்"னார்.

அதனால என் கருத்து இது. ஆரம்பிக்கிறவங்க கல்லே வாங்காதீங்க. தட்டையான கண்ணாடித் துண்டு ஒண்ணு, ரெண்டு மூணு வகை உப்புத்தாள், அவ்வளவுதான். பி1000 தாளும் 1000 கிரிட் வாட்டர் ஸ்டோனும் ஒண்ணு இல்ல, தாள்தான் கொரகொரப்பு. அதனால பி2000 வரைக்கும் போங்க. முதல்ல உளியோட தட்டைப் பக்கத்தை முனைகிட்ட ஒரு இன்ச் சமமாக்குங்க. அப்புறம் சரிவுப் பக்கத்தை 30 டிகிரி வாக்குல தீட்டுங்க. பின்பக்கம் விரல் வெச்சா சின்னதா பிசிறு தட்டுப்படணும். தட்டுப்படலைன்னா தீட்டல் இன்னும் முனை வரைக்கும் வரலன்னு அர்த்தம். அடுத்த தாளுக்குப் போகாதீங்க.

தாள் சீக்கிரம் கிழியும், திரும்பத் திரும்ப வாங்கணும். எங்க பாஷைல இது ரெவென்யூ செலவு. பொழுதுபோக்கு ரெண்டு மாசத்துல அலுத்துப் போனா நஷ்டம் சில நூறு ரூபாய். அலுக்கலையா, அப்போ கேபிடல் செலவு பண்ணலாம்: ரெண்டு பக்கமும் உள்ள டைமண்ட் பிளேட் ஒண்ணு. விலை கொஞ்சம் கூட, ஆனா பள்ளம் விழாது, சமப்படுத்துற வேலையே இல்ல. கடைசி மெருகுக்குப் பழைய லெதர் பெல்ட்ல பச்சை பாலிஷ் தடவி இழுத்தா போதும். நான் இப்போ இப்படித்தான் செய்றேன். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷம்.

அந்த 8000 கல்லு? இஎம்ஐ முடிஞ்சு வருஷம் ஒண்ணு ஆச்சு, இன்னும் டப்பாலதான் இருக்கு. பாதி விலைக்குப் போட்டும் யாரும் கேக்கல.