கணக்கு டேலி ஆச்சா?

பெங்களூர், புனே, ஹைதராபாத், நொய்டா.. எந்த ஊர்த் தமிழ்க் குடும்பத்தை எடுத்தாலும் "பையன் டேட்டா எஞ்சினியர்" என்றோ, "பொண்ணு க்ளவுட்ல பைப்லைன் பண்றா" என்றோ சொல்கிறார்கள். அது தண்ணீர்க் குழாய் இல்லை என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும் :-) அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் குழாயில் ஓடுவது நம் பணத்தின் கணக்கு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையில் நடக்கும் வரவு செலவு முதலில் கோர் பேங்கிங்கில் பதிவாகும். அங்கிருந்து ஃபைல்களாக எடுத்து அமேசான் எஸ்3 மாதிரி ஒரு க்ளவுட் சேமிப்பில் போடுவார்கள். பைப்லைன் அவற்றை எடுத்து, சுத்தம் செய்து, ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக், பிக்குவரி போன்ற டேட்டா வேர்ஹவுஸில் ஏற்றும். தலைமை அலுவலக ரிப்போர்ட்டெல்லாம் அங்கிருந்துதான். ரிசர்வ் வங்கிக்குப் போகும் விவரங்களும் கை படாமல் கணினியிலிருந்தே வர வேண்டும் என்று 2010-லேயே சொல்லிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் கை படாத இடத்தில் கண்ணும் படுவதில்லை.

வேலை முடிந்ததும் திரையில் பச்சை டிக் வரும். என்னைக் கேட்டால் அந்த டிக்கை நம்பக் கூடாது. புரோகிராம் ஓடி முடிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். எல்லாம் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை. கேஷியர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதற்காக கேஷ் டேலி ஆகிவிட்டது என்று எந்தக் கிளையிலாவது சொல்வோமா?

வரிகள் எப்படிக் காணாமல் போகின்றன? ஸ்னோஃப்ளேக்கின் காப்பி கட்டளையும் பிக்குவரியும் சாதாரணமாகத் தப்பான வரி வந்தால் நின்றுவிடும். ஆனால் 'தப்பானதை விட்டுவிட்டு மேலே போ' என்று மாற்றவும் வசதி உண்டு. ராத்திரி 2 மணிக்கு வேலை நின்றுபோனால் தூக்கக் கலக்கத்தில் கை அங்கேதான் போகும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். பிறகு அது எந்த வாடிக்கையாளரோடும் ஒட்டாது.

அடுத்து நம்ம ஊர் இனிஷியல். கடைசிப் பெயர் கட்டாயம் என்று வைத்த டேபிளில் "எஸ். முருகேசன்" என்ன செய்வார்? ஒன்று தள்ளப்படுவார், இல்லை ஒரு புள்ளி கடைசிப் பெயராகும். இன்னொரு இடத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதியிருந்தால் அவரே இரண்டு ஆளாகிவிடுவார்.

நாமினி விஷயமும் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை வைக்கலாம். பைப்லைனில் ஒரே நாமினிக்குத்தான் இடம் என்றால் மீதி மூன்று பேர் எங்கே?

இதெல்லாம் சின்ன விஷயம் இல்லைங்க. 10 வருஷம் தொடாத டெபாசிட், 2014-ல் ஏற்படுத்திய ரிசர்வ் வங்கி நிதிக்குப் போய்விடும். 2023-ல் வந்த உத்கம் தளத்தில் வாரிசுகள் பெயரை வைத்துத் தேடலாம். பெயரே உடைந்து கிடந்தால் தேடி என்ன கிடைக்கும்?

மருந்து பழசுதான், பி.காம். முதல் வருஷப் பாடம். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் மூன்று எண்கள்: எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு, கணக்கு எண்களின் கூட்டுத்தொகை எவ்வளவு. மூன்றாவதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ஆனால் ராமன் பணம் கிருஷ்ணன் கணக்கில் ஏறினாலும் தொகை டேலி ஆகும், டிரையல் பேலன்ஸ் அதைக் காட்டாது. கணக்கு எண்களின் கூட்டு காட்டிக் கொடுக்கும். தள்ளப்பட்ட வரிகளைக் குப்பையில் போடாமல் சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி தனி டேபிளில் வைத்து, அதைத் தீர்க்க ஒரு ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். அதே ஃபைலை மறுபடி ஓட்டினால் இரண்டு முறை ஏறக் கூடாது. எழுதியவரே சரிபார்க்கவும் கூடாது.

"க்ளவுட் பில் ஏறும் சார்" என்பார்கள். ஏற்றுகிற வேலையோடு பார்த்தால் எண்ணிக் கூட்டுவது சொற்பச் செலவு. "99.99 சதவீதம் சரியாக இருக்கே" என்பார்கள். ஒரு கோடி வரியில் மீதி 0.01 சதவீதம் என்பது 1,000 வரி. அதில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கணக்காக இருக்கலாம்.

ஆகவே, வீட்டில் பைப்லைன் பிள்ளை இருந்தால் சாப்பிடும்போது கேளுங்கள்: "எத்தனை வந்தது, எத்தனை உள்ளே போச்சு, மீதி எங்கே?" பதில் வந்தால் நல்ல பிள்ளை. அப்படியே ஊரில் அப்பா அம்மா பாஸ்புக்கில் உள்ள பெயர் பான் கார்டோடு ஒத்துப்போகிறதா, நாமினி பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.