மழைக் கணிப்பில் 'கட்டம்' ஏன் முக்கியம்? 12 கி.மீ. முதல் 6 கி.மீ. வரை... என்ன மாறுகிறது?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. அதே நேரத்தில் திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டு ஊர்களுக்கும் இடையே 10 கி.மீ. கூட இல்லை. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே ஏன் சொல்ல முடியவில்லை? காரணங்களில் ஒன்று, கணினி மாதிரிகளின் 'கட்டம்'.

கட்டம் என்றால் என்ன?

வானிலை மாதிரிகள் பூமியைச் சதுரங்கப் பலகை போல கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஒரு கட்டத்துக்கு ஒரே வெப்பநிலை, ஒரே மழை அளவுதான். அப்போது இந்திய வானிலைத் துறை பயன்படுத்திய உலகளாவிய மாதிரியின் கட்டம் சுமார் 12 கி.மீ. அதாவது, காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம். அப்புறம் எப்படி இரண்டுக்கும் தனித்தனியாக மழை அளவு சொல்ல முடியும்?

2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்கணிப்பு அமைப்பு', கட்டத்தை 6 கி.மீ. ஆகக் குறைத்திருக்கிறது. புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதை உருவாக்கியது.

கடலுக்கும் கட்டம் வேண்டும்

சில நாள் கணிப்பு வேறு, பருவமழை முழுவதுக்குமான கணிப்பு வேறு. மாதக்கணக்கில் முன்னால் சொல்ல வேண்டுமென்றால் காற்றும் கடலும் ஒன்றையொன்று மாற்றுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதுதான் 'இணைந்த மாதிரி'. இந்தியாவின் பருவமழைக்கான இணைந்த மாதிரியில் வளிமண்டலக் கட்டம் சுமார் 38 கி.மீ. முன்பு இது 100 கி.மீ. அளவில் இருந்தது.

புயலை எடுத்துக்கொள்வோம். பலத்த காற்று கடலைக் கலக்கும்போது அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து, புயலின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் வழியில் ஆழம் வரை சூடான நீர்ச்சுழல் இருந்தால், புயலுக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். வங்கக்கடலில் இந்தச் சுழல்கள் 100, 200 கி.மீ. அகலத்தில் உருவாகும். ஒரு சுழலின் வடிவம் தெரிய பல கட்டங்கள் தேவை. கட்டம் பெரிதாக இருந்தால் சுழலே கணக்கில் வராது.

அப்போ, கட்டத்தை இன்னும் சின்னதாக்கினால் என்ன?

செலவுதான் சிக்கல். கட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை 4 மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக மொத்தம் 8 மடங்கு கணக்கு! இதற்காகத்தான் 2024 செப்டம்பரில் புனேவில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' சூப்பர் கம்ப்யூட்டர்கள் தொடங்கப்பட்டன.

1990-ல் ஐ.பி.சி.சி. முதல் அறிக்கை வந்தபோது காலநிலை மாதிரிகளின் கட்டம் சுமார் 500 கி.மீ. சென்னையும் மதுரையும் ஒரே கட்டம்! 2007 அறிக்கையில் அது சுமார் 110 கி.மீ. ஆனது.

இனி எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. தனித்தனி மழைமேகங்கள் 6 கி.மீ.யை விடச் சிறியதாக இருக்கலாம். அவற்றை இன்னும் தோராயமாகத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. கடலுக்குள் போதுமான அளவீடுகள் இல்லாவிட்டாலும் கணிப்பு தடுமாறும்.

ஆனாலும், 'மாவட்டத்தில் கனமழை' என்பதற்கும் 'இந்தப் பகுதியில் அதி கனமழை' என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எந்த ஊர் மக்களை முதலில் வெளியேற்றுவது என்று ஒரு கலெக்டர் முடிவெடுக்க அந்த வித்தியாசம்தான் உதவும்.